மார்பக வலி: மருத்துவம் செவிசாய்க்கக் கற்ற வரலாறு

வயிற்று வலி என்றால் ஒரு பெண் அதை வீட்டில் எல்லாரிடமும் சொல்வாள். தலைவலி என்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தைலம் கேட்பாள். மார்பகத்தில் வலி என்றால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. கணவரிடம் சொல்லத் தயக்கம், பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் சொல்ல அச்சம். கிளினிக்குக்குப் போனாலும் "நெஞ்சு வலிக்குது டாக்டர்" என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, இதயத்துக்கான இ.சி.ஜி. பரிசோதனையோடு வீடு திரும்பும் மாதர்களும் உண்டு.

அந்த மௌனத்துக்குள் ஒரே ஒரு கேள்விதான் சுழன்றுகொண்டிருக்கும். இது புற்றுநோயாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை என்பதே மருத்துவம் தரும் பதில். கட்டியோ வேறு மாற்றமோ இல்லாமல் வலி மட்டுமே உள்ள பெண்களைப் பரிசோதித்தால், நூறு பேரில் மூவருக்கும் குறைவானவர்களுக்கே புற்றுநோய் தெரிய வருகிறது. கவலை தர வேண்டியது இதன் மறுபக்கம். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலிக்கிறதே என்று ஒருத்தி இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். வலிக்கவில்லையே என்று இன்னொருத்தி, கையில் தட்டுப்படும் கட்டியை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போடுகிறாள். முதலாமவளுக்குப் பெரும்பாலும் பெரிய நோய் எதுவும் இருப்பதில்லை. இரண்டாமவள்தான் அன்றே மருத்துவரைத் தேடிப் போக வேண்டியவள்.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. வலி என்று சொன்ன பெண்களை நம்புவதற்கே அதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன.

அரசியின் கூச்சம்

எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் சுவடி ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழைமையானது. காயங்களையும் கட்டிகளையும் வரிசையாக விவரிக்கும் அந்த மருத்துவச் சுவடியில், 45ஆவதாக மார்பில் தோன்றும் புடைப்பு பற்றிய குறிப்பு வருகிறது. தொட்டால் சூடில்லை, குளிர்ச்சியாக இருக்கிறது, உள்ளே நீர் இல்லை என்றெல்லாம் நுணுக்கமாக எழுதிய அந்த மருத்துவர், சிகிச்சை என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று முடித்துவிடுகிறார். சீழ்க்கட்டி சுடும், இது சுடாது என்ற வேறுபாட்டை அவர் அன்றே கவனித்திருக்கிறார் என்பதுதான் வியப்பு.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பாரசீக மன்னர் டேரியஸின் மனைவி அத்தோசாவின் கதையை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். அரசியின் மார்பில் ஒரு கட்டி வந்தது. சிறியதாக இருந்தவரை வெட்கத்தால் யாருக்கும் சொல்லாமல் மறைத்தார். அது உடைந்து பரவத் தொடங்கிய பிறகுதான், அரண்மனையில் இருந்த கிரேக்க மருத்துவர் டெமோசிடிஸை அழைத்தார். அவர் குணப்படுத்தினார் என்று முடிகிறது கதை. குணமானதை வைத்துப் பார்த்தால் அது புற்றுநோயாக இருந்திருக்காது, சீழ்க்கட்டியாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். நோயின் பெயர் எதுவானால் என்ன? பேரரசர் சைரஸின் மகள், கை தட்டினால் ஆயிரம் பேர் ஓடி வரும் அரசி, அவரே கட்டியை மறைத்துத்தான் வைத்திருந்தார். 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தச் செய்தியில் இன்றைய பெண்கள் பலர் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வலியிலிருந்து தொடங்கிய இன்னொரு கதை பேனி பர்னியுடையது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியையான அவர், பிரெஞ்சுத் தளபதி ஒருவரை மணந்து பாரிசில் வாழ்ந்தார். 1810 ஆகஸ்டில் அவருடைய மார்பில் ஒரு சிறு வலி தொடங்கியது. வாரத்துக்கு வாரம் அது கூடியது. மருத்துவரைப் பார்க்க அவர் உடனே இணங்கவில்லை. கடைசியில், 1811 செப்டம்பர் 30ஆம் தேதி, நெப்போலியனின் படை மருத்துவர் லாரே தலைமையில் அவர் வீட்டிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வர இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. ஒரு மிடறு மது கலந்த மருந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். கத்தி எலும்பைச் சுரண்டும்வரை தாம் உணர்ந்ததையெல்லாம் பின்னர் அவர் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். எழுதி முடிக்க மாதக் கணக்கானது. எழுதியதைத் திரும்பப் படிக்கக்கூட அவருக்கு மனவலிமை இல்லை.

பேனி பர்னி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1840இல் தமது 87ஆம் வயதில் காலமானார். அவருக்கு இருந்தது உண்மையிலேயே புற்றுநோய்தானா என்ற கேள்வி இன்றும் மருத்துவ ஏடுகளில் எழுப்பப்படுகிறது. நுண்ணோக்கிக்கொண்டு திசுவைச் சோதிக்கும் வழக்கம் இல்லாத காலம் அது. வலியையும் கட்டியையும் பிரித்தறிய மருத்துவர்களிடம் கண்ணும் விரலும் தவிர வேறு கருவி இல்லை.

அந்தக் கண்ணையும் விரலையும் மிக நன்றாகப் பயன்படுத்தியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர். மார்பக நோய்கள் பற்றி அவர் 1829இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். மாதவிலக்குக்கு முன் கூடி, விலக்கு வந்ததும் தணியும் ஒரு வலி உண்டு, அது புற்றுநோய் அன்று என்பதை அவர் தெளிவாகவே கண்டு எழுதினார். மிகச் சரியான கவனிப்பு. ஆனால் அதோடு ஒன்றையும் சேர்த்துவிட்டார். இப்படிப்பட்ட வலி எளிதில் உணர்ச்சிவசப்படும், நரம்புத் தளர்ச்சியுள்ள பெண்களுக்கு வருவது என்றார்.

பின்னால் வந்தவர்கள் கவனிப்பை மறந்துவிட்டு அந்த முத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 150 ஆண்டுகள், மார்பக வலியோடு வந்த பெண்ணிடம் மருத்துவர் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இல்லையென்றால், "எல்லாம் மனப்பிரமை, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்பார். வலி அப்படியே இருக்கும். அதோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

இடையே ஒரு முக்கியமான தடயம் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்ணின் சினைப்பைகளை அகற்றியபோது மார்பிலிருந்த கட்டி சுருங்கியதைக் கண்டு 1896இல் எழுதினார். மார்பகம் தனித்து இயங்கும் உறுப்பன்று, அடிவயிற்றிலிருக்கும் சினைப்பை சொல்லும்படி மாதந்தோறும் மாறும் உறுப்பு என்பது அப்போது வெளிப்பட்டது. 1929இல் ஈஸ்ட்ரஜன் பிரித்தெடுக்கப்பட்டதும் அந்தத் தூதருக்குப் பெயரும் கிடைத்தது. மாதவிலக்குக்கு முன் மார்பகம் கனப்பதும் இழுப்பதும் மனப்பிரமையன்று, இரத்தத்தில் ஓடும் சுரப்புகளின் வேலை என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கார்டிஃப் காட்டிய கட்டங்கள்

வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் 1973இல் மார்பக வலிக்கென்றே ஒரு தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பேராசிரியர் லெஸ்லி ஹியூஸ், ராபர்ட் மான்செல் முதலிய அறுவை மருத்துவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை மிக எளிமையானது. ஒரு தாளில் மாதத்தின் நாள்களுக்கெல்லாம் சிறு சிறு கட்டங்கள் போட்டு, வலியோடு வந்த பெண்களிடம் கொடுத்தார்கள். கடும் வலி இருந்த நாளில் கட்டத்தை முழுக்கக் கருப்பாக்க வேண்டும். லேசான வலி என்றால் பாதி. வலியே இல்லையென்றால் ஒரு புள்ளி. மாதவிலக்கு நாள்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். இப்படிச் சில மாதங்கள்.

தாள்கள் திரும்பி வந்தபோது மருத்துவர்களுக்கு ஒரு வடிவம் தெரிந்தது. மூன்றில் இரு பங்குப் பெண்களின் தாளில் கருப்புக் கட்டங்கள் மாதவிலக்குக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் குவிந்திருந்தன. விலக்கு வந்ததும் மறைந்தன. மறுமாதம் அதே இடத்தில் மீண்டும் தோன்றின. மற்றவர்களின் தாளில் எந்த ஒழுங்கும் இல்லை. இந்த ஒரு தாளே மார்பக வலியை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

முதல் வகை மாதச் சுழற்சியோடு வருவது. இருபது வயதிலிருந்து நாற்பதுகள் வரை உள்ள பெண்களுக்கே இது அதிகம். பொதுவாக இரு பக்கமும் வலிக்கும். மேல்பகுதியில், அக்குளை ஒட்டிய இடத்தில் கனமும் இழுப்பும் இருக்கும். கைக்குழந்தை ஓடி வந்து மேலே விழுந்தால் உயிர் போகும். மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே விட்டுவிடும்.

இரண்டாம் வகை சுழற்சியில்லாத வலி. பெரும்பாலும் ஒரு பக்கம், ஒரே இடம். வயதும் சற்றுக் கூடுதலாக இருக்கும். நீர்க்கட்டி, பழைய காயம், பால் குழாய் வீக்கம் என்று இதற்குப் பல காரணங்கள். இவற்றோடு ஒரு போலியும் உண்டு. வலி மார்பகத்திலேயே இருக்காது. அதற்கு அடியிலுள்ள விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் இருக்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்த வீக்கம் இந்த வகையில் ஒன்று. ஒருக்களித்துப் படுத்து, மார்பகம் ஒரு பக்கம் சரிந்தபின் விலா எலும்பை விரலால் அழுத்தினால் "அதே வலிதான்" என்று பெண் துள்ளுவாள். அரிசி மூட்டை தூக்கியதும், தண்ணீர் வாளி சுமந்ததும், விடாத இருமலும்கூட இதற்குக் காரணமாகலாம்.

கார்டிஃப் மருத்துவர்கள் அதோடு நிற்கவில்லை. மனப்பிரமை என்ற பழைய குற்றச்சாட்டையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். மார்பக வலியுள்ள பெண்களிடம் மனநிலையை அளக்கும் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதே வினாத்தாளை, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வெரிக்கோஸ் நோய்க்காக வந்த பெண்களுக்கும், மனநலச் சிகிச்சை பெற்றுவந்த பெண்களுக்கும் கொடுத்தார்கள். மார்பக வலிக்காரர்களின் விடைகள் வெரிக்கோஸ் நோயாளிகளின் விடைகளைப் போலவே இருந்தன. மனநல நோயாளிகளின் விடைகளை ஒத்திருக்கவில்லை. எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத வலியுடைய மிகச் சிறு பிரிவினர் மட்டுமே விதிவிலக்கு. 1978இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் இந்த ஆய்வு வெளியானது. கால் நரம்பு சுருண்ட பெண்ணை யாரும் மனப்பிரமைக்காரி என்று சொல்வதில்லையே, இவளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு ஆண் மருத்துவர்களிடம் அதன்பின் பதில் இல்லை.

எண்ணெய்யும் தேநீரும் மல்லிகையும்

நோய் இது என்று தெரிந்ததும் மருந்து தேடும் படலம் தொடங்கியது. புரோமோகிரிப்டின், டானசோல் என்ற இரு மருந்துகள் வலியைக் குறைத்தன. ஆனால் முதலாவது குமட்டலும் தலைசுற்றலும் தந்தது. இரண்டாவது சில பெண்களுக்குக் குரலைத் தடிக்கச் செய்தது, முகத்தில் முடியை வளர்த்தது. வலியே தேவலை என்று பலர் மருந்தை விட்டுவிட்டார்கள்.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை அறியாத மருந்துக்கடை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இராது. பிரிட்டனில் மார்பக வலிக்கான மருந்தாகவே அதற்கு உரிமம் இருந்தது. பயன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2002இல் அந்த உரிமம் திரும்பப் பெறப்பட்டது. பெரிய தீங்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாதா மாதம் செலவழிக்கும் பணத்துக்கு அது என்ன செய்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

காப்பி, தேநீரை நிறுத்தினால் வலி போகும் என்ற கருத்து 1979இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜான் மின்டன் என்ற அறுவை மருத்துவர் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தே தாரிக்கைக் குறைத்துப் பார்ப்பவர்கள் குறைத்துப் பார்க்கலாம். சர்க்கரை குறையும் நன்மையாவது கிட்டும்.

உண்மையிலேயே உதவியவை இரண்டுமே மலிவானவை. ஒன்று, அளவு சரியாகப் பொருந்தும் உள்ளாடை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் விளையாட்டு வீராங்கனைகள் அணியும் வகை உள்ளாடையை அணிந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்கு வலி தணிந்தது. டானசோல் மருந்து உண்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கே தணிந்தது. திருமணத்தின்போது வாங்கிய அளவையே இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் இதைச் சற்று யோசிக்கலாம். மற்றொன்று, மருத்துவரின் சொல். பிரேசிலில் 1999இல் வெளியான ஆய்வொன்றில், முறையாகப் பரிசோதித்து "இது புற்றுநோய் இல்லை" என்று விளக்கிச் சொன்னதற்கே பத்தில் ஏழு பெண்கள் நிம்மதி கண்டார்கள். கடும் வலி இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பரிசோதிக்காமல் சொல்லும் ஆறுதலுக்கு இந்தச் சக்தி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றுக்கும் தணியாத வலிக்கு மேலே தடவும் வலிபோக்கி ஜெல்லை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

பாட்டி வைத்தியத்தையும் முழுக்க ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் தாய்ப்பால் சுரப்பை நிறுத்த வேண்டியிருந்தால் மார்பில் மல்லிகைச் சரத்தைக் கட்டுவது பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதைப் புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் கட்டி வலிப்பதைக் குறைப்பதிலும் சுரப்பை அடக்குவதிலும் மல்லிகைச் சரம் அந்த மருந்துக்கு ஈடாக நின்றது. 1990களின் நடுவில், பக்க விளைவுகள் காரணமாகப் பால் நிறுத்தப் புரோமோகிரிப்டின் கொடுக்கும் அனுமதியை அமெரிக்கா நீக்கிவிட்டது. மல்லிகைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அது பால் கட்டிய வலிக்கு மட்டும்தான். கட்டிக்குப் பத்துப் போடுவதும், இலை அரைத்துக் கட்டுவதும் வேறு கதை. அங்கேதான் உயிர் பறிபோகிறது.

வலிக்காத கட்டி

இங்கிலாந்தில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 2,316 பெண்கள் முதலில் என்ன குறையோடு மருத்துவரிடம் சென்றார்கள் என்று ஆராயப்பட்டது. 83 விழுக்காட்டினர் கட்டி என்று சென்றவர்கள். வலி என்று சென்றவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே. வலிக்கும்வரை காத்திருக்கும் பெண் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

மலேசியாவின் நிலை இதைவிட வேதனையானது. 328 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் மலேசிய ஆய்வாளர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து நோய் உறுதிப்படுத்தப்பட நடுத்தரமாக ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. மாற்று வைத்தியத்தை நாடியது தாமதத்துக்கு ஒரு காரணம். இது புற்றுநோயாக இருக்காது என்று நினைத்துக்கொண்டது இன்னொரு காரணம். நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012க்கும் 2016க்கும் இடையே கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களில் 47.9 விழுக்காடு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டியவை. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் அது 43.2 விழுக்காடு. மருத்துவமனைகள் பெருகின, கருவிகள் பெருகின, தாமதமும் பெருகியிருக்கிறது. லட்சம் பெண்களில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்நோய் வருகிறது என்று பார்த்தால், சீனர்களில் 40.7, இந்தியர்களில் 38.1, மலாய்க்காரர்களில் 31.5. இந்திய மாதர்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறார்கள்.

தாமதத்தின் விலை என்ன? 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து மலேசிய சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கட்டத்தில் வந்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் வந்தவர்களுக்கு அது 23.3 விழுக்காடு.

கைக்குத் தட்டுப்படும் முன்பே கட்டியைக் காணும் வழியைத் தொடங்கி வைத்தவர் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன். அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1913இல் எழுதினார். யூதரான அவர் பின்னாளில் நாஜிகளின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு மீண்டவர். ஓவியரான அவருடைய மகள் சார்லோட் 1943இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். சாலமனின் தொடக்கம் மேமோகிராம் பரிசோதனையாக உலகெங்கும் பரவ அரை நூற்றாண்டு ஆனது. சிங்கப்பூரில் 1994க்கும் 1997க்கும் இடையே 50 முதல் 64 வயதுள்ள 67,656 மாதர்களுக்கு மேமோகிராம் எடுத்துக்கொள்ள அழைப்பு அனுப்பப்பட்டது. வந்தவர்கள் 28,231 பேர். அத்தோசாவின் கூச்சம் அவ்வளவு எளிதில் மறையவில்லை. ஆயினும் அந்த முயற்சியின் பயனாக 2002 ஜனவரியில் நாடு தழுவிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தைச் சிங்கப்பூர் தொடங்கியது.

மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட முறையில் மார்பைச் சுயபரிசோதனை செய்யும்படி ஒரு காலத்தில் எல்லா இயக்கங்களும் வலியுறுத்தின. ஷாங்காய் நெசவாலைகளில் பணிபுரிந்த 2,66,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தபோது, அந்தப் பயிற்சி மரணங்களைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. தேவையற்ற திசுச் சோதனைகள்தான் கூடின. அதனால் கடுமையான பயிற்சியைவிட, தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதையே இப்போது மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் கவனித்தாலே போதும். நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று இருக்கிறதா என்பதே கேள்வி.

வலி என்ற ஒன்றை வைத்து எப்போது புறப்பட வேண்டும்? மாதவிலக்குக்கு முன் வந்து, அது வந்ததும் போய்விடுகிற வலி என்றால் இரண்டு மூன்று மாதம் கார்டிஃப் முறையில் குறித்து வைத்துக்கொண்டு, வசதியான நாளில் மருத்துவரிடம் காட்டலாம். நாட்காட்டியில் பேனாவால் குறித்தாலே போதும். மாதவிலக்கு முடிந்தும் போகாமல் ஒரே பக்கம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்கும் வலியைக் காட்டத் தாமதிக்கக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாக வரும் வலியும் அப்படியே. ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 16,608 பெண்கள் பங்குகொண்ட ஆய்வில், ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கியபின் மார்பில் புதிதாக நோவு கண்டவர்களுக்கு, நோவு காணாதவர்களைவிடப் புற்றுநோய் அபாயம் 48 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2009இல் தெரிய வந்தது. வலி எப்போதுமே பொருளற்றது என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிவது, ஆரஞ்சுத் தோல்போலத் தடித்துப் புள்ளி விழுவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, ஆறாத புண். பாலூட்டும் தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. பாலூட்டாத பெண்ணுக்கு அதே சிவப்பு வந்து, மருந்துக்கும் அடங்கவில்லையென்றால் மேல் பரிசோதனை கட்டாயம். படியேறும்போது நெஞ்சை அழுத்தி, கைக்கும் தாடைக்கும் பரவி, வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வரும் வலி மார்பகத்தைச் சேர்ந்ததே அன்று. அது இதயத்தின் அழைப்பு, ஆம்புலன்சுக்கு உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

மருத்துவர் முதலில் விவரம் கேட்பார், பிறகு கையால் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் இளவயதுப் பெண்களுக்கு அல்ட்ராசவுண்டும் நாற்பதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மேமோகிராமும் எடுக்கச் சொல்வார். சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். பேனி பர்னியின் காலத்தில் இல்லாத வசதி அது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் சிங்கப்பூர்த் திட்டம் 40 முதல் 49 வயதுவரை ஆண்டுக்கு ஒரு முறையும், 50 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒரு முறையும் மேமோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மலேசியாவில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 2007இலிருந்து மேமோகிராமுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. சொக்சோ சந்தாதாரர்களுக்கான இலவசப் பரிசோதனைத் திட்டம் 2013இல் வந்தது. அரசாங்க கிளினிக்கிலும் பலதுறை மருந்தகத்திலும் பதிவு செய்யும்போதே பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். துணைக்கு மகளையோ அக்காள் தங்கையையோ அழைத்துக்கொண்டு உள்ளே போகலாம். கேட்பதற்குத் தமிழ் வராவிட்டால், சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் இடத்தைக் காட்டினாலும் மருத்துவருக்குப் புரியும்.